மூலமும் வழிநூலும்: ‘ஐடல்மாஸ்டர்’ தொடர் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு மொழியில் தோன்றிய நூல் பிறிதொரு மொழிக்குச் செல்லுங்கால் எய்தும் மாற்றங்களை ஆராய்தல் இலக்கிய ஆய்வாளர்க்குப் பழகிய பணியாகும். ஒரு கலைவடிவில் பிறந்த கதை மற்றொரு கலைவடிவுக்குச் செல்லுங்கால் யாது நிகழ்கின்றது என்பதும் அதனோடு ஒத்த வினாவே. காவியம் நாடகமாதலையும் நாவல் திரைப்படமாதலையும் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆடுவோன் விரலசைவால் நடைபெறும் வீடியோ விளையாட்டு, அவன் கைகட்டியிருந்து காணும் தொடராக மாறுமிடத்து எழும் சிக்கல்கள் இவற்றினும் வேறானவை. அவற்றை ஒரு சான்று கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்ட சான்று, ஜப்பான் நாட்டில் 2011ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் திசம்பர்த் திங்கள் வரை ஒளிபரப்பப்பெற்ற ‘தி ஐடல்மாஸ்டர்’ என்னும் அனிமேத் தொடராகும். ஏ-ஒன் பிக்சர்ஸ் நிறுவனம் உருவாக்கிய இத்தொடர் 25 பகுதிகளையுடையது. இயக்கியவர் நிஷிகோரி அட்சுஷி. இதற்கு மூலம், நாம்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் ஆட்டக்கூடங்களில் வெளியிட்ட ஒரு விளையாட்டு. இளம்பாடகியரின் வாழ்வு பற்றிய பொழுதுபோக்குத்தானே, இதில் ஆராய என்ன உண்டு என்று சிலர் கருதக்கூடும். பொழுதுபோக்கென்று ஒதுக்கப்பெற்ற வடிவங்களே பின்னர் ஒரு காலத்தின் சான்றாக நிற்றல் இலக்கிய வரலாறு நன்கறிந்த செய்தி. அன்றியும், இளையோர் உழைப்பை விலைப்பொருளாக்கும் ஒரு தொழிலைப் பற்றி அத்தொழிலின் உள்ளிருந்தே எழுந்த படைப்பு எவ்வளவு உண்மை பேச இயலும் என்னும் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

‘ஐடல்’ என்னும் சொல்லும் தொழிலும்

‘ஐடல்’ என்பது வழிபடும் உருவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஜப்பானியர் இதனை ‘ஐதோரு’ என ஒலிப்பர். 1963இல் வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படமொன்று மறு ஆண்டு ஜப்பானில் இச்சொல்லைத் தலைப்பிற் கொண்டு திரையிடப்பெற்றது. அதில் இடம்பெற்ற சில்வி வர்த்தானின் பாடல் பெரும்புகழ் எய்தியது. அதன்பின் இச்சொல் அந்நாட்டில் பரவியது என்பர்.

தொழில்முறையாக ஐடல் என்பார் தோன்றியது 1970களில் எனலாம். 1971இல் தொடங்கி 1983 வரை நடந்த ‘ஸ்டார் தன்ஜோ’ என்னும் தொலைக்காட்சிப் போட்டியில், பாடிய இளையோரை வேண்டும் நிறுவனத்தார் தம் பெயர்ப்பலகையை உயர்த்தித் தேர்ந்துகொள்வர். இப்போட்டி வழியாக வந்த யமகுச்சி மோமோயே 1973இல் பதினான்கு வயதில் அரங்கேறி, 1980இல் விடைபெற்றார். ஆக, இக்கலைஞரின் தொழில் வாழ்வு ஏழாண்டுகளே. ஐடலிடம் மக்கள் முதற்கண் எதிர்பார்ப்பது முதிர்ந்த குரல்வளம் அன்று. முதிராத ஒருவர் தம் கண்முன் வளர்வதைக் காணும் இன்பமே அவர்கள் நாடுவது. ஆகலின் வளர்ச்சி முற்றுப்பெறும்போது தொழிலும் முற்றுப்பெறுதல் இயல்பாகின்றது. இக்குறுகிய வாழ்நாள் பின்னர் நாம் காணவிருக்கும் கதைக்கு அடிப்படையாதலின் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

2005ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு சூலையில் ஐடல்மாஸ்டர் விளையாட்டு வெளிவந்தது. திசம்பரில் தோக்கியோவின் அகிஹபராப் பகுதியில் ஏ.கே.பி. 48 என்னும் குழு தனக்கெனச் சிற்றரங்கு ஒன்று அமைத்துப் பாடத் தொடங்கியது. ஒன்று கற்பனை ஐடலரைச் சுவைஞன் கைக்குக் கொடுத்தது. மற்றொன்று உண்மை ஐடலரை அவன் அருகிற் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே வேட்கைக்கு எழுந்த இரு விடைகள் எனலாம்.

மூலத்தின் இயல்பு

வழிநூலை அளக்குமுன் மூலத்தை அறிதல் வேண்டும். இவ்விளையாட்டில் ஆடுவோன் ‘765 புரொடக்‌ஷன்’ என்னும் சிறு நிறுவனத்தின் தயாரிப்பாளன் ஆகின்றான். ஜப்பானியர் எண்களை அவற்றின் ஒலியாற் சொல்லாக்கி விளையாடும் வழக்கமுடையர். ஏழு ‘ந’, ஆறு ‘மு’, ஐந்து ‘கோ’. எனவே 765 என்பது ‘நாம்கோ’ என்னும் நிறுவனப் பெயரே. பகை நிறுவனத்தின் பெயர் 961. அது ‘குரோய்’ என ஒலித்துக் கருமையைக் குறிக்கும். அந்நிறுவனத் தலைவன் பெயரும் குரோய் என்பதே. பெயரிலேயே நன்மை தீமைகள் பகுக்கப்பெற்றுவிட்டமை காண்க.

தயாரிப்பாளன் தான் வளர்க்கவேண்டிய ஐடலைத் தேர்ந்து பயிற்சியளிப்பான், அவளோடு உரையாடுவான், பின்னர்த் தேர்வுப்போட்டிக்கு அனுப்புவான். உரையாடலில் அவன் முன் சில விடைகள் காட்டப்பெறும். குறுகிய நேரத்துள் ஒன்றைத் தொடுதல் வேண்டும். பொருந்திய விடையாயின் அவள் உள்ளம் மகிழும். பொருந்தாவிடின் ஊக்கம் குன்றும். போட்டியில் குரல், ஆடல், தோற்றம் ஆகிய மூன்றிற்கும் மூன்று நடுவர் உளர். ஒரே நடுவரை மிகுதியும் கவர முற்பட்டால் அவர் சலிப்புற்று எழுந்து போய்விடுவார். வெற்றியால் சுவைஞர் தொகை பெருகும். தொகைக்கேற்ப ஐடலின் படிநிலை உயரும். குறித்த காலம் முடிந்தவுடன் விடைபெறு நிகழ்ச்சி நடைபெறும். அத்துடன் அவ்வாட்டம் முற்றுப்பெறும்.

இதனின்று மூன்று கூறுகள் புலனாகும். முதலாவது, கதையின் எழுவாய் முன்னிலை ஆகும். ‘நீ’ தேர்கின்றாய், ‘நீ’ வெல்கின்றாய். இரண்டாவது, கதை ஒன்றன்று, பல. ஒருத்தியைத் தேர்ந்தால் அவள் கதை விரியும், தேரப்பெறாதார் கதை மறைந்து நிற்கும். மூன்றாவது, எல்லாம் எண்ணால் அளக்கப்பெறும். அன்பும் அயர்வும் எண்ணாகவே கணக்கிற் சேரும்.

2007ஆம் ஆண்டு சனவரியில் இவ்விளையாட்டு எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வந்தது. அப்போது ஹோஷீ மிகி என்னும் புதிய பாத்திரம் சேர்க்கப்பெற்றாள். 2009இல் வந்த கையடக்கப் பதிப்பில் ஷிஜோ தகானே, கனாஹா ஹிபிகி ஆகிய இருவர் பகை நிறுவனத்தாராய் அறிமுகமாயினர். ஆக, பதின்மராகத் தொடங்கிய கூட்டம் பதின்மூவர் ஆயிற்று. தொடக்கத்தில் ஃபுதாமி அமி, மாமி என்னும் இரட்டையர் ஒரு பெயரில் மாறிமாறி மேடையேறுவர். பிற்காலப் பதிப்பில் இருவரும் தனித்தனி ஐடலராயினர். மூலம் என்பது ஒருமுறை எழுதி முடிந்த சுவடியன்று. வளர்ந்துகொண்டே வந்த ஒன்று என்பதற்கு இவை சான்றாம்.

வழிநூல் இரண்டு

வழிநூல் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படும் என்பது தொல்காப்பிய மரபியல் கொள்கை. நூல்களை நோக்கி வகுத்த இப்பாகுபாடு கலைவடிவ மாற்றத்திற்கும் ஒரு நல்ல அளவுகோலாக உதவுகின்றது.

ஐடல்மாஸ்டர் விளையாட்டுக்கு முதலில் எழுந்த தொடர் 2011ஆம் ஆண்டினது அன்று. 2007இல் சன்ரைஸ் நிறுவனம் ‘ஐடல்மாஸ்டர்: ஜெனோகுளோசியா’ என 26 பகுதிகளையுடைய தொடரொன்றை வெளியிட்டது. அதனை இயக்கியவர் நகாய் தட்சுயுகி. அத்தொடரில் பாத்திரங்களின் பெயரும் உருவச் சாயலும் மூலத்தைச் சார்ந்தவை. ஆனால் குரல் கொடுத்தோர் வேறு, கதையும் வேறு. நிலவு சிதறிப்போன ஒரு பிற்காலத்தில், விண்ணிலிருந்து வீழும் துண்டுகளைத் தடுக்கும் பேரியந்திரங்களை இப்பெண்கள் செலுத்துகின்றனர். அவ்வியந்திரங்களுக்கே ஈண்டு ‘ஐடல்’ என்று பெயர். பாடகியைக் குறித்த சொல் பொறியைக் குறிப்பதாயிற்று. தனிப் படைப்பாக நோக்கின் அது தகுதியற்றதன்று. எனினும் முன்னைய நூலின் முடிபோடு ஒத்து நின்று வேண்டிய வேறுபாடு கூறுதலே வழிநூலின் இலக்கணம் ஆகலின், பெயர் மட்டும் கொண்ட இதனை வழிநூல் எனல் பொருந்தாது.

மூலத்தின் சுவைஞர் தம் நூலின் மீது உரிமை கொண்டாடுவோர் என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சியும் சான்று. 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் தோக்கியோ விளையாட்டுக் காட்சியில் ‘ஐடல்மாஸ்டர் 2’ பற்றிய அறிவிப்பு வெளியாயிற்று. இயோரி, அசுசா, அமி ஆகிய மூவரும் ‘ரியூகூ கொமாச்சி’ என்னும் தனிக்குழுவாவர். அகிசுகி ரிட்சுகோ அவர்களுக்குத் தயாரிப்பாளர் ஆவாள். ஆதலின் இந்நால்வரையும் ஆடுவோன் வளர்க்க இயலாது என்பது அவ்வறிவிப்பு. ‘ஜூபிடர்’ என்னும் ஆடவர் குழுவொன்று போட்டியாளராக வருமெனவும் கூறப்பெற்றது. சுவைஞரிடையே எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. ஐந்தாண்டுகள் தாம் வளர்த்த பெண் இனித் தம் கைக்கு எட்டாள் என்பதே அவர்தம் வருத்தம்.

இப்பின்னணியிலேயே 2011ஆம் ஆண்டுத் தொடர் எழுந்தது என்பதை மறத்தலாகாது. சுவைஞர் வெறுத்த அந்த அமைப்பையே அது தன் கதைக்கு அடித்தளமாகக் கொண்டது. விளையாட்டில் இழப்பாகத் தோன்றிய ரியூகூ கொமாச்சிக் குழு, தொடரில் கதையை இயக்கும் விசையாயிற்று. அக்குழு முதலிற் புகழ்பெற, ஏனையோர் பின்தங்குகின்றனர். தானும் அக்குழுவிற் சேரலாமெனத் தவறாக எண்ணிய மிகி, இயலாதென அறிந்து தொழிலையே விடத் துணிகின்றாள். 13ஆம் பகுதியில் முதற் பெருநிகழ்ச்சி நடைபெறுகின்றது. புயலால் ரியூகூ கொமாச்சி வந்துசேரக் காலந்தாழ்கின்றது. புகழ் பெறாத ஏனையோரே அரங்கைத் தாங்கவேண்டிய நிலை. மிகி முன்வந்து ஆடிப் பாடி அவையைத் தன்பாற் கட்டுகின்றாள். ஆடுவோனின் தேர்வுரிமையைப் பறித்த ஒரு விதி, காண்போனுக்கு நாடக முரணாகப் பயன்பட்டவாறு இது.

நால்வகையுள் இத்தொடர் எவ்வகை? பல ஆட்டங்களிற் சிதறிக்கிடந்த பதின்மூவர் கதைகளை ஒரு கோவையாக்கியமையின் தொகுத்தல் உண்டு. மூலத்திற் குறிப்பாக நின்றவற்றைப் பெருக்கியமையின் விரித்தலும் உண்டு. யாயோய் வறிய குடும்பத்தின் மூத்த மகள் என்பது விளையாட்டு தரும் செய்தி. 7ஆம் பகுதியில் இயோரியும் ஹிபிகியும் அவள் இல்லம் சென்று, அவள் தம்பி தங்கையரோடு அமர்ந்து முளைப்பயறு வதக்கி உண்கின்றனர். செல்வர் மகளான இயோரி அவ்வெளிய விருந்தில் அமரும்போது, ஒரு வரிச் செய்தி ஒரு வாழ்க்கையாகின்றது. ஆகவே இதனைத் தொகைவிரி எனலாம். ஆயினும் மொழிபெயர்ப்பின் கடினமும் இதனுள் உண்டு. முன்னிலையில் நின்ற கதையைப் படர்க்கைக்கு மாற்றுதலே அக்கடினம்.

முன்னிலை படர்க்கையானவாறு

விளையாட்டில் தயாரிப்பாளனுக்கு முகம் இல்லை, ஆடுவோனே அவன். தொடரில் அவனை என்செய்வது? அறவே நீக்கின் மூலத்தின் உயிர் போகும். முழுத் தலைவனாக்கின் பெண்கள் அவன் வெற்றிக்குக் கருவியாவர்.

நிஷிகோரி இதற்குக் கண்ட வழி முதற் பகுதியிலேயே உள்ளது. அப்பகுதி, 765 நிறுவனத்தைப் பற்றி எவரோ எடுக்கும் செய்திப்படம் போல அமைந்தது. கேமரா ஒவ்வொரு பெண்ணையும் அணுகி, ஐடல் என்றால் உமக்கு என்ன என்று வினவுகின்றது. வினா எழுத்திற் காட்டப்பெறும். வினவுவோன் குரலும் கேட்பதில்லை, உருவும் தோன்றுவதில்லை. விளையாட்டை ஆடிப் பழகியோர் தாம் முன்பிருந்த இடத்திலேயே இருப்பதாக உணர்வர். பகுதியின் இறுதியிலேயே கேமராவின் பின்னிருந்தவன் வெளிப்படுகின்றான். அவனே புதிய தயாரிப்பாளன். கண்ணாடி அணிந்த ஓர் இளைஞன். அந்நொடியில் காண்போன் தன் இருக்கையினின்று மெல்ல எழுப்பப்பெறுகின்றான். இனி அவன் தயாரிப்பாளன் அல்லன், பார்வையாளனே.

அவனுக்குத் தொடர் முகம் தந்தது, குரல் தந்தது. பெயர் மட்டும் தரவில்லை. இறுதிவரை எல்லோரும் அவனைத் ‘தயாரிப்பாளர்’ என்றே விளிக்கின்றனர். அவன் வல்லவனும் அல்லன். 6ஆம் பகுதியில் ரிட்சுகோவின் குழு முந்திச் செல்லக்கண்டு மனம் பதறி அளவுக்கு மீறி வேலைகளை ஏற்றுக் குழப்பம் விளைக்கின்றான். விளையாட்டில் பிழையான விடையின் விளைவு எண்ணிக்கைக் குறைவு. ஈண்டு அதன் விளைவு பிறர் முகத்திற் காணப்படுகின்றது. இதனால் வளர்ச்சி என்னும் பொருள் பெண்களுக்கு மட்டும் உரியதாகாமல் அவனுக்கும் உரியதாகின்றது. வளர்ப்பவன், வளர்க்கப்படுபவர் என்னும் மூலத்தின் ஏற்றத்தாழ்வு பெரிதும் தளர்கின்றது.

4ஆம் பகுதியில் கிசராகி சிஹாயா சமையற் போட்டி நிகழ்ச்சி ஒன்றிற் பங்குகொள்கின்றாள். பாடுதலையே உயிராகக் கொண்ட தனக்கு இவ்வேலை ஏன் என்பது அவள் மனக்குறை. விளையாட்டாயின், அவளைத் தேற்றும் விடை எது என்பதே சிக்கல். தொடரிலோ அவள் குறை நியாயமானதா என்று காண்போனும் எண்ண வேண்டியவனாகின்றான்.

வெண்பலகை: எண்ணுக்கு மாற்றான உரு

மூலத்தில் வெற்றியை அளக்கும் கருவி சுவைஞர் தொகை. தொடரில் எண்கள் திரையில் ஓடுவதில்லை. அவற்றிற்கு மாற்றாக அலுவலகச் சுவரில் ஒரு வெண்பலகை தொங்குகின்றது. அதில் நாள்தோறும் யார்க்கு எங்கு வேலை என எழுதுவர். அலுவலகமோ உணவகமொன்றின் மேல்மாடியிலுள்ள சிறிய அறை. சன்னற் கண்ணாடியில் ஒட்டுத்தாளால் 765 என எழுதியிருக்கும். தொடக்கத்தில் பலகை வெறுமையாகக் கிடக்கின்றது. பெண்கள் வேலையின்றி ஒன்றாக அமர்ந்து பேசிக் காலங்கழிக்கின்றனர். கதை செல்லச்செல்லப் பலகை நிரம்புகின்றது. பின்னர் எழுத இடமின்றி நெருங்குகின்றது.

தொடரின் ஆழம் இப்பலகையில் உள்ளது என்பது நம் கருத்து. வெறுமையாய்க் கிடந்தபோது அவர்கள் வறியர், ஆயினும் ஒருங்கிருந்தனர். நிரம்பியபோது அவர்கள் புகழ் பெற்றனர், ஆயினும் ஒருவரையொருவர் காணாராயினர். 22ஆம் பகுதியில் கிறித்துமசு நாளில் எல்லோரும் கூடவேண்டுமென அமாமி ஹாருகா விழைவதும், 23ஆம் பகுதியில் புத்தாண்டு நிகழ்ச்சிக்கான கூட்டுப்பயிற்சிக்கு ஆள் சேராமையும் இப்பலகை விளைத்தனவே. ஹாருகாவும் மிகியும் ஓர் இசைநாடகத்தில் ஒரே தலைமைப் பாத்திரத்திற்குப் போட்டியாளராக நிறுத்தப்பெறுகின்றனர். மேடையின் திறந்த பள்ளத்தில் ஹாருகா விழாமற் காத்த தயாரிப்பாளன் தான் விழுந்து மருத்துவமனை சேர்கின்றான். அதன்பின் ஹாருகா ஒடிந்துபோகின்றாள்.

ஹாருகாவின் துயர் வழக்கமான துயர் அன்று. தோல்வியால் வாடும் கலைஞரைக் கதைகள் பல கண்டுள்ளன. இவளோ, குழு வெற்றிபெற்ற வேளையில், அவ்வெற்றியாலேயே வாடுகின்றாள். அனைவரோடும் சேர்ந்து பாடுதலே அவள் விரும்பியது. அதற்கு வழியென எண்ணிச் செய்த முயற்சியே அதனைக் குலைத்துவிட்டது. வெற்றி பெறுவது எங்ஙனம் என்று மட்டுமே கேட்கவல்ல விளையாட்டு, வெற்றியின் விலை யாது என்று கேட்க இயலாது. வழிநூல் அவ்வினாவைக் கேட்டது. மூலத்தின் விதிகளை மீறாமலே மூலம் காணாத பொருளைக் கண்டமையே இதன் சிறப்பு.

20ஆம் பகுதியும் ஈண்டுக் கருதத்தக்கது. சிஹாயாவின் தம்பி சிறுவயதில் சாலை விபத்தில் இறந்தவன். குரோயின் தூண்டுதலால் இதழொன்று அதனை வெளிப்படுத்த, அவள் பாடும் குரலை இழக்கின்றாள். தாய் தந்த தம்பியின் ஓவியப் புத்தகத்தை ஹாருகா அவளிடம் சேர்க்கின்றாள். தோழியர் அவளுக்கெனப் பாட்டு எழுதுகின்றனர். மேடையிலும் அவள் நா எழாதபோது அவர்கள் உடன்வந்து நின்று பாட, குரல் மீள்கின்றது. உரிய விடையைத் தொட்டு அவளை மீட்கும் தயாரிப்பாளன் இங்கு இல்லை, மீட்போர் தோழியரே. முன்னிலை ‘நீ’ முழுதும் விலகி, ‘நாங்கள்’ என்னும் தன்மைப் பன்மை எழும் இடம் இது.

ஒரு தடையும் விடையும்

இங்ஙனம் புகழ்வார்க்கு ஒரு தடை எழும். பணிச்சுமை, ஓய்வின்மை, இதழ்களின் கொடுமை ஆகியவற்றைத் தொடர் காட்டுகின்றது. ஆயினும் காரணம் கூறுமிடத்து ஒரு தீயோனைச் சுட்டுகின்றது. குரோய் இல்லையாயின் எல்லாம் நலமே என்னும் எண்ணம் எழ இடமுண்டு. ஊதியம், ஒப்பந்தம், வேலைநேரம் என்பன பேசப்பெறவில்லை. 765 நிறுவனம் ஒரு குடும்பம் போலவே காட்டப்பெறுகின்றது. தொழிலை விற்கும் நிறுவனமே தொழிலைப் பற்றிய கதையையும் விற்கின்றது. அதனிடம் வேறு எதிர்பார்க்கலாமோ?

இத்தடை வலியதே. தொடர் காட்டாத பகுதியை நடைமுறை உலகம் காட்டியுள்ளது. 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில், காதல் தொடர்பு பற்றி வார இதழொன்றில் செய்தி வந்தமைக்காக ஏ.கே.பி. 48 குழுவினர் ஒருவர் தம் தலைமுடியை மழித்துக்கொண்டு, காணொளியில் அழுது மன்னிப்பு வேண்டினார். 2015இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம், காதல் கூடாதென்னும் ஒப்பந்த விதியை மீறிய ஓர் இளம் ஐடல் ஏறத்தாழ 6,50,000 யென் இழப்பீடு தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆனால் 2016 சனவரியில் அதே நீதிமன்றத்தில் வேறொரு வழக்கில், ஒருவரோடு அன்பு கொள்ளுதல் இன்பவாழ்வு நாடும் உரிமையைச் சார்ந்தது எனக்கூறி நிறுவனத்தின் கோரிக்கை தள்ளப்பெற்றது. ஒரு தொழிலின் அடிப்படையே நீதிமன்றத்தில் வழக்காடப்பெறுகின்றது. இத்தகைய வினாவின் நிழலும் 765 அலுவலகத்தில் விழவில்லை.

எனினும் இரண்டு செய்திகளை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஒன்று, ஹாருகாவின் முறிவுக்குக் குரோய் காரணனல்லன். அதற்கு முன்பே ஜூபிடர் குழுவினர் அவன் சூழ்ச்சியை அறிந்து அவனை விட்டு நீங்கிவிடுகின்றனர். தீயோன் அகன்றபின்னரே பெருந்துயர் வருகின்றது. காரணம் பலகைதான், அஃதாவது தொழிலின் இயல்பான வெற்றியே. தீயோன்மேற் பழிசுமத்தித் தப்பும் வழியைக் கதையே அடைத்துவிட்டது. மற்றொன்று, 2014 சனவரியில் வெளிவந்த திரைப்படம் இதே வினாவை மேலும் கூர்மையாக்கியது. பின்னணியில் ஆடவந்த பயிற்சி மாணவியருள் ஒருத்தி உடல் பருத்தமையால் ஆடலிற் பின்தங்கி, வெட்கி, வாராதொழிகின்றாள். காலம் குறைவு, அவளை நீக்குக என்கின்றாள் மற்றொருத்தி. அது தொழிலின் குரல். பிழையெனத் தள்ளவும் இயலாதது. குழுத்தலைவியான ஹாருகா, வாராதவளைத் தேடிச் சென்று அவள் உள்ளம் அறிந்த பின்னரே முடிவு செய்யத் துணிகின்றாள். தேரப்பெறாதாரை மறையவிடும் மூலத்தின் விதிக்கு இது நேரான மறுமொழி எனலாம். அமைப்பைத் திருத்தும் வழியை இப்படைப்பு கூறவில்லை. அமைப்பினுள் ஒருவர் மற்றவர்க்குச் செய்யவேண்டியது யாது என்பதைக் கூறிற்று. அது போதுமா என்பதைப் படிப்போர் துணிக.

மூலம் மறைதலும் வழிநூல் நிற்றலும்

இறுதியாகச் சுவடி ஆராய்வார்க்குரிய ஒரு செய்தி. எக்ஸ்பாக்ஸ் பதிப்பு வெளிவந்த காலத்திலேயே நிக்கோநிக்கோ காணொளித் தளம் தோன்றியது. ஆடுவோர் விளையாட்டின் ஆடற்காட்சிகளை வெட்டி, வேறு பாடல்களோடு இணைத்துப் புதிய காணொளிகள் ஆயிரக்கணக்கில் படைத்தனர். ஆக, நிறுவனத்தின் வழிநூல்களுக்கு முன்பே சுவைஞரின் வழிநூல்கள் பெருகின. பாத்திரங்களுக்குக் குரல் தந்த நடிகையரும் 2006 முதல் தாமே மேடையேறிப் பாடிவந்தனர். 2015 சூலையில் பத்தாம் ஆண்டு நிகழ்ச்சி சைதாமாவிலுள்ள செய்பு பிரின்ஸ் டோம் அரங்கில் இருநாள் நடைபெற்றது. கற்பனை ஐடல் உண்மை மேடையில் உடல் பெற்றாள்.

ஆனால் மூலத்தின் நிலை யாது? 2011 நவம்பரில் கைப்பேசிக்கென வெளிவந்த ‘சிண்டரெல்லா கேர்ள்ஸ்’ என்னும் கிளை விளையாட்டு, வலையமைப்பின் வழியே மட்டும் ஆடத்தக்கது. 2023 மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் அச்சேவை நிறுத்தப்பெற்றது. இனி எவரும் அதனை ஆட இயலாது. அதனைத் தழுவித் தகாவோ நோரிகோ இயக்கிய 2015ஆம் ஆண்டுத் தொடரோ இன்றும் காணக்கிடைக்கின்றது. மூலம் மறைந்து வழிநூல் நின்ற நிலை இது. உரைகளில் எடுத்தாளப்பெற்ற சில அடிகளால் மட்டுமே பெயரறியப்பெறும் பழநூல்களைப் பற்றி நாம் வருந்துவதுண்டு. அவ்விழப்புக்கு நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளும் நிரம்பவில்லை. இக்காலத்துப் படைப்புகளை ஆராய்வோர், மூலம் கைக்கெட்டும் காலத்திலேயே அதன் இயல்பைப் பதிந்துவைத்தல் கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். விளையாட்டு தொடராகுமிடத்துப் பெயரையும் உருவையும் மட்டும் கொண்டால் வழிநூல் ஆகாது. 2007ஆம் ஆண்டுத் தொடர் இதற்குச் சான்று. மூலத்தின் நிகழ்ச்சிகளை அவ்வாறே காட்டினும் போதாது. முன்னிலையை மாற்றும் வழி வேண்டும். 2011ஆம் ஆண்டுத் தொடர் அவ்வழியைக் கேமராவின் திரும்புதலிற் கண்டது. எண்களுக்கு மாற்றாகப் பலகையைக் கண்டது. தேர்வுக்கு மாற்றாக ஒருவரையும் விடாமையைக் கண்டது. தொழிலின் அமைப்பைப் பற்றிய வினாக்கள் சிலவற்றை அது எழுப்பாதொழிந்தது உண்மை. ஆயினும் வெற்றியே குறிக்கோளாகிய ஒரு விளையாட்டினின்று பிறந்த கதை, வெற்றியையே ஐயுற்று நோக்கத் துணிந்தது. தொடரின் இறுதியில் செர்ரிப் பூக்கள் மலர்ந்த மரங்களின்கீழ் அனைவரும் ஒருங்கு கூடுகின்றனர். பலகையில் எழுதப்பெறாத அந்த ஒரு நாளையே கதை தன் முடிபாகக் கொண்டமை, மேற்கூறிய கருத்துக்கு அரண் செய்வதாகும்.